வேலூர் வீட்டுக்குள் சத்தத்தைக் குறைப்பது எப்படி: அளப்பதில் தொடங்கும் முழு வழிகாட்டி

சத்தத்தைக் குறைப்பது பற்றிக் குளிர் நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 'ஜன்னலை மூடுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கும். கத்திரி வெயில் நாளில் வேலூரில் ஜன்னலை மூடிக்கொண்டு படுக்க முடியுமா? சத்தம் விட்ட தூக்கத்தைப் புழுக்கம் கெடுத்துவிடும். அதனால் இது ஜன்னலைத் திறந்து வைத்தே ஆக வேண்டிய வீடுகளுக்கான வழிகாட்டி. சத்துவாச்சாரியில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, காட்பாடியில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு, லாங்கு பஜாருக்குப் பின்னால் உள்ள மாடி வீடு, சிகிச்சைக்காக எங்கிருந்தோ வந்தவர்கள் தங்கியிருக்கும் காந்தி ரோடு லாட்ஜ் அறை, இவற்றையெல்லாம் மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அளக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். சுவரில் ஃபோம் ஒட்டியும், கனத்த திரை வாங்கியும், சத்தம் அப்படியே இருக்கிறதே என்று புலம்புகிறவர்கள் பலர். காசு போன இடம் ஒன்று, சத்தம் வந்த இடம் வேறு.

டெசிபல் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

டெசிபல் நாம் பழகிய கூட்டலுக்கு அடங்காது. 60 டெசிபல் தரும் இரண்டு மோட்டார்கள் சேர்ந்து ஓடினால் 63 டெசிபல்தான் வரும். 3 கூடினாலே ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. ஆனால் காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், 70 டெசிபல் சாலைச் சத்தமும் 60 டெசிபல் ஜெனரேட்டர் சத்தமும் சேரும்போது மீட்டர் 70.4 காட்டும். பக்கத்துக் கடைக்காரரிடம் சண்டை போட்டு ஜெனரேட்டரை அடியோடு நிறுத்தினாலும் அரை டெசிபல்கூடக் குறையாது. எது பெரிய சத்தமோ அதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

விளம்பரங்களில் வரும் சதவீதத்தையும் இந்தக் கணக்கை வைத்தே படியுங்கள். 2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காற்றைத் தடுக்காமல் சத்தத்தை மட்டும் தடுக்கும் ஒரு வளையத்தைச் செய்து காட்டினார்கள். 94 சதவீத ஒலியை அது நிறுத்தியது. டெசிபலில் சொன்னால் அது சுமார் 12. குறிப்பிட்ட ஒரு சுருதிக்கு மட்டும்தான் அப்படி வேலை செய்யும். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் '94 சதவீதம்' என்று கேட்டதும் மனதில் எழும் அமைதி வேறு, காதுக்குக் கிடைக்கும் 12 டெசிபல் வேறு.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே இடத்தில் நிற்கும் ஸ்பீக்கரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். நெடுஞ்சாலை நீளமாக ஓடும் சத்தம் என்பதால் அதற்கு 3 டெசிபல்தான். சாலையிலிருந்து 25 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் 50 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் அவ்வளவே. நடுவில் நாலு வேப்பமரம் இருந்தாலும் மீட்டரில் தெரியாது. அடர்ந்து வளர்ந்த 30 மீட்டர் அகலத் தோப்பு இருந்தால்தான் சில டெசிபல் குறையும். நிழலுக்காக மரம் வையுங்கள், சத்தத்துக்கு அதை நம்பாதீர்கள்.

கடைசியாகச் சராசரி. சட்டம் பேசும் டெசிபல் கணத்துக்குக் கணம் ஓடும் எண் இல்லை. ஒரு நேர அளவில் வந்த மொத்த ஆற்றலின் சராசரி. அரை மணி நேரம் 70, அடுத்த அரை மணி நேரம் 50 என்றால் சராசரி 60 என்றுதான் தோன்றும். உண்மையில் 67. ஒரு மணி நேரம் முழுக்கத் தெரு அமைதியாக இருந்து, 100 டெசிபலில் ஒரே ஒரு விநாடி ஒரு ஹாரன் அடித்தால் போதும், அந்த மணி நேரத்தின் சராசரி 64-ஐத் தாண்டிவிடும். குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55. ஒரு ஹாரன்தானே என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

காதால் கேட்டு எழுதுங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். சில நாட்கள் விடாமல் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு, என்ன சத்தம், எந்த அறையில், எவ்வளவு நேரம். வார நாளும் ஞாயிறும் இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஆடி மாதத்தில் குறித்தால் அதை மட்டும் தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் கூழ் வார்க்கும் வாரங்களின் சத்தம் வருஷம் முழுக்க இருக்கும் சத்தம் இல்லை.

இரவு 10 முதல் காலை 6 வரை கூடுதல் கவனம் தேவை. தூக்கம் கலைவதுதான் உடம்பை அதிகம் பாதிக்கிறது. நீண்ட கால இரவுச் சத்தம் ரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் இரவுச் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. 1999 வழிகாட்டுதலில் படுக்கையறைக்கு உள்ளே 30 என்று இருந்தது.

அளப்பது

முன்பெல்லாம் சத்தத்தை அளக்க வேண்டுமென்றால் விலை உயர்ந்த மீட்டரோடு ஒரு பொறியாளர் வர வேண்டும். இப்போது கையிலிருக்கும் போனே முதல் கட்ட வேலைக்குப் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வெளியிட்ட இலவச ஒலி மீட்டர் ஆப்பைப் பயன்படுத்தலாம். சரியாக அளவு திருத்திக்கொண்டால் 2 டெசிபல் வித்தியாசத்துக்குள் காட்டும். ஆண்ட்ராய்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செய்த நாய்ஸ் கேப்சர் இலவசம். ஆனால் ஆண்ட்ராய்டு போன்களின் மைக் மாடலுக்கு மாடல் மாறும். எண்ணை அப்படியே நம்பாமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, முன்னறையில் எவ்வளவு, பின்னறையில் எவ்வளவு என்பதற்கு அது தாராளமாகப் போதும்.

அளக்கும் முறை முக்கியம். போனின் உறையைக் கழற்றுங்கள், பெரும்பாலும் அதுதான் மைக்கை மறைக்கும். தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் உயரத்தில், கையை நீட்டிப் பிடியுங்கள். நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் உடம்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துவிடும். அறைக்குள் சுவரிலிருந்து ஒரு மீட்டர், ஜன்னலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். வெளியே என்றால் சுவரிலிருந்து மூன்றரை மீட்டராவது விலகுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். மொட்டைமாடியில் காற்று அடிக்கும் நேரத்தில் அளந்தால் அளப்பது காற்றைத்தான், சாலையை இல்லை. ஒவ்வொரு முறையும் பத்து பதினைந்து நிமிஷம் ஓட விட்டு, ஆப்பில் வரும் சராசரியையும் உச்ச அளவையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் சோதனை. நல்ல ஆப்பில் ஏ-வெயிட்டிங், சி-வெயிட்டிங் என்று இரண்டு இருக்கும். மனிதக் காது தாழ்ந்த சுருதியை மந்தமாகக் கேட்பதால் ஏ அதைக் குறைத்துக் காட்டுகிறது. சி அவ்வளவாகக் குறைக்காது. இரண்டிலும் அளந்து பாருங்கள். சி அளவு ஏ அளவைவிட 15, 20 டெசிபல் கூட இருந்தால், உங்களைத் துன்புறுத்துவது மண்டபத்து ஸ்பீக்கரின் 'தம் தம்' போன்ற, அல்லது கனரக லாரியின் உறுமல் போன்ற தாழ்ந்த சத்தம். ஜன்னல் கண்ணாடியை மாற்றினாலும் இதற்குப் பலன் சொற்பம். 'மீட்டரில் வரம்புக்குள்தானே இருக்கிறது' என்று சொல்லப்படும்போது நெஞ்சு அதிர்வதற்குக் காரணமும் இதுதான். போன் மைக் தாழ்ந்த சுருதியில் அவ்வளவு துல்லியம் இல்லை என்பதால் இதையும் அடையாளமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

விவகாரம் புகார் வரை போகும் என்றால் தரச்சான்று பெற்ற மீட்டர் தேவைப்படும். ஐஈசி 61672 என்ற தரத்தில் வகுப்பு 1, வகுப்பு 2 என்று இருக்கின்றன. அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் தரும் சிறு கருவியை மைக்கில் பொருத்திச் சரிபார்ப்பார்கள்.

ஊரளவில் வந்திருக்கும் மாற்றமும் பெரியது. பாரிஸ் நகரத்தில் நான்கு மைக் கொண்ட 'மெடூஸ்' என்ற கருவி, சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைப் படத்தின் மேல் புள்ளியாகக் காட்டுகிறது. நியூயார்க்கில் ஆய்வாளர்கள் தெருக்களில் வைத்த கருவிகள், கேட்டது ஹாரனா, துளையிடும் இயந்திரமா, நாய் குரைப்பா என்று தாமே பிரிக்கப் பழக்கப்பட்டன. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-ல் தொடங்கிய தொடர் கண்காணிப்பு வலையில் 7 நகரங்கள், 70 நிலையங்கள்; தமிழ்நாட்டில் சென்னை மட்டும். வேலூர் அளவுள்ள ஊர்களுக்கு அது வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நம் நோட்டும் போனும்தான் பதிவு.

வரம்போடு ஒப்பிடுங்கள்

ஒலி மாசு விதிகள், 2000 நான்கு வகைப் பகுதிகளைச் சொல்கின்றன. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு அறிவித்த இடம்தான் அப்படிக் கருதப்படும். அதனால் மருத்துவமனைப் பக்கத்துத் தெருவிலிருந்து புகார் எழுதுபவர்கள், அந்த இடத்துக்கு அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டித் தெருவில் கடைக்கு மேலே குடியிருந்தால் உங்கள் பகுதி எந்த வகை என்பதே சிக்கலாகும். எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும் இடத்தில் அடக்குங்கள்

சத்தம் கிளம்பிய பிறகு பிடிப்பதைவிடக் கிளம்பும் இடத்தில் அடக்குவது எப்போதும் மலிவு. அதுவும் நம் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். மிக்ஸியைக் கிரானைட் மேடையில் வெறுமனே வைக்காமல் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். தண்ணீர் மோட்டாரைத் தளத்தில் நேராக போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அந்த அதிர்வு கான்கிரீட் வழியாக எல்லா அறைக்கும் போகும். கீழே ரப்பர் பேடு, மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவே வளையும் ஹோஸ், சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளாம்புக்குள் ரப்பர் துண்டு, இந்த மூன்றும் செய்தால் படுக்கையறைச் சுவர் பாடுவது நிற்கும். ஏசியின் வெளி யூனிட்டுக்கும் இதே வைத்தியம். ஃபேன் முனகினால் ரெகுலேட்டரை மாற்றிப் பாருங்கள். சில எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள்தான் அந்த முனகலுக்குக் காரணம்.

பக்கத்து வீட்டு மோட்டார் என்றால் பேசுவதுதான் முதல் கருவி. "அண்ணா, ராத்திரி மோட்டார் போட்டா எங்க படுக்கை ரூம் சுவரே அதிருது. அடியில ஒரு ரப்பர் பேடு போட்டா சரியாயிடும், ஆளை நானே கூட்டிட்டு வரேன்" என்று குற்றமாகச் சொல்லாமல் வழியோடு சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

கடை ஜெனரேட்டருக்கு விதி தெளிவாக இருக்கிறது: ஒலிக்கூண்டோடு வரும் டீசல் ஜெனரேட்டர் கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூண்டுக் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் கூண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். பல இடங்களில் அந்தக் கதவை மூடச் சொல்வதே போதுமான தீர்வு. ஏர் ஹாரனை மோட்டார் வாகன விதிகள் ஏற்கெனவே தடுத்திருக்கின்றன. பல சுருதியில் அலறும் ஹாரனும் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசரம் தவிர ஹாரனே அடிக்கக் கூடாது என்பதும் விதி.

ஒலிபெருக்கி விஷயத்தைச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். வட ஆற்காட்டில் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு உண்டு, எல்லா மதத்தின் விழாவும் உண்டு, அரசியல் கூட்டமும் உண்டு. இவை எதுவும் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்குக்கு வெளியே கூடாது; வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலோ, 75 டெசிபலோ, எது குறைவோ அதுதான் உச்சம்.

விழாக் குழுவுக்கும் மண்டபக்காரருக்கும் என் யோசனை இது. கம்பத்தின் மேல் நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக் காது வலிக்கும், தூரத்தில் இருப்பவருக்குச் சொல் புரியாது. அதற்குப் பதில் சிறிய பெட்டி ஸ்பீக்கர்களைக் கூட்டத்துக்கு நடுவில், கீழ் நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொன்றும் குறைந்த சத்தத்தில் பேசும், பாட்டின் வரியும் கூத்தின் வசனமும் தெளிவாகக் கேட்கும், ஊரும் தூங்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கச்சேரி அரங்குகளுக்கு வகுத்த தரம் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மேடைக்கு முன் வரிசையில் குழந்தைகள் உட்காரும் கல்யாண வீட்டில் அதற்கும் கீழே இருப்பதே நல்லது.

சத்தம் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 45 டெசிபலுக்கு மேல் தடுக்கும். சாதாரணக் கண்ணாடி ஜன்னல் நன்றாக மூடினால் 25-க்குப் பக்கம். பாதி திறந்திருந்தால் 10 முதல் 15. ஆக, சுவரில் எதை ஒட்டினாலும் பயன் இல்லை. கதையே ஜன்னலிலும் இடுக்கிலும்தான். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஓட்டைப் பானைக்கு வெளியே எத்தனை பூச்சு பூசினாலும் தண்ணீர் ஒழுகத்தானே செய்யும்.

இடுக்கைக் கண்டுபிடிக்க எளிய வழி: இரவில் அறையை இருட்டாக்கி, வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் எல்லாம் சத்தமும் கசிகிறது. கதவுக்கு அடியில், ஏசி குழாய் போன துளையில், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, பழைய வீட்டு வென்டிலேட்டரில் பாருங்கள். ரப்பர் பீடிங், சிலிகான், கதவுக்கு அடிப்பட்டை எல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைப்பவைதான். முட்டை அட்டையும் தெர்மோகோலும் சத்தத்தைத் தடுக்காது. எடையில்லாத எதுவும் தடுக்காது. எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் கூடும் என்பதுதான் விதி.

இனி, திறந்திருக்க வேண்டிய ஜன்னல். செலவே இல்லாத வழி, படுக்கையை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுவது. சாலை நேராகத் தெரியாத பக்கத்தில் 10 டெசிபலுக்கு மேல் குறைவது சாதாரணம்; காதுக்குப் பாதிச் சத்தம். சாலைப் பக்க ஜன்னலை மூடி, பின்பக்க ஜன்னலையும் மாடிப்படிக் கதவையும் திறந்தால் காற்றோட்டமும் கிடைக்கும். சொந்த வீடு கட்டுபவர்கள் வரைபடத்திலேயே குளியலறை, சமையலறை, படிக்கட்டைச் சாலைப் பக்கம் தள்ளிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

அடுத்தது, காற்று வளைந்து வரும் பெட்டி. வென்டிலேட்டர் திறப்பின் மேல் பிளைவுட்டிலோ சிமென்ட் போர்டிலோ ஒரு பெட்டி அடித்து, உட்புறம் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) வைத்துத் துணியால் மூடி, காற்று இரண்டு முறை திரும்பி உள்ளே வருமாறு தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். காற்று திரும்பும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் ராக்வூலில் கொஞ்சம் இழக்கும். கிறீச்சிடும் பிரேக்குக்கும் ஹாரனுக்கும் நல்ல பலன், லாரி உறுமலுக்குக் குறைவு. தச்சர் கையுறையும் முகக்கவசமும் போட்டுத்தான் ராக்வூலைத் தொட வேண்டும். ஹாங்காங்கின் அரசுக் குடியிருப்புகளில் இதே தத்துவத்தில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் வைக்கிறார்கள்: வெளிக் கண்ணாடி ஒரு பக்கம் திறக்கும், உள் கண்ணாடி மறுபக்கம்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது சிங்கப்பூரிலிருந்து வந்தது. 2020-ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்த ஜன்னலின் கம்பிகளில் 24 சிறிய ஸ்பீக்கர்களைப் பொருத்தி, வரும் சத்தத்துக்கு நேர் எதிரான அலையை அனுப்பினார்கள். ஜன்னல் திறந்தபடியே 10 டெசிபல் வரை குறைந்தது. சுமார் 300 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையான சுருதிக்குத்தான், அதற்குக் கீழே சிறிய ஸ்பீக்கரால் முடியாது. இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் நாம் பார்ப்பது இதே வித்தைதான். கம்பி போட்ட ஜன்னலும் புழுக்கமும் உள்ள நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறு இல்லை. ஒரு நாள் கடைக்கு வரட்டும்.

அறை எதிரொலித்தால், அதாவது டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாகப் பேச்சு மங்கினால், அங்கேதான் திரை, மெத்தை, புத்தக அலமாரி, ஃபோம் எல்லாம் உதவும். உள்ளே பிறந்த சத்தத்தை அவை விழுங்கும்; வெளிச் சத்தத்தை நிறுத்தாது.

வேலை இடத்தில் காதைக் காப்பது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் டிரம், ஷூ கம்பெனியின் வெட்டு இயந்திரம், பட்டறைச் சுத்தியல் இவற்றுக்கு நடுவே வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டுச் சத்தம் இரண்டாம் பிரச்சினை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபலுக்கு மேல் இருக்கிறது. நியோஷ் கணக்கில் 85-ல் 8 மணி நேரம், 88-ல் 4, 91-ல் 2, 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிஷம்தான். வேலை முடிந்து வந்ததும் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அன்று வரம்பு மீறிவிட்டது என்று பொருள். இழந்த கேட்கும் திறன் திரும்ப வராது.

ஃபோம் காதடைப்பானைப் பலரும் காது வாசலில் செருகிவிட்டு விடுகிறார்கள். அதை விரல்களில் மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டு வந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அதன் உறையில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது நியோஷின் பரிந்துரை.

புகார் கொடுக்கும் வழி

வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால், அல்லது இரவுத் தடையை மீறினால், புகார் செய்யும் உரிமை விதியிலேயே இருக்கிறது. இரவில் நடந்துகொண்டிருக்கும் சத்தத்துக்கு 100 அல்லது 112. தினமும் தொடரும் தொழிற்சாலை, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். மனுவில் கோபம் வேண்டாம், நோட்டு போதும்: தேதி, நேரம், எந்த இடத்திலிருந்து அளந்தது, சராசரி, உச்சம், தூரம், எந்த விதி. நாலு வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. ரசீது வாங்காமல் வராதீர்கள்.

திரும்ப அளப்பது

எந்த வேலை செய்தாலும் அதே போன், அதே இடம், வாரத்தின் அதே நாள், அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். 3 டெசிபலுக்குக் குறைந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், போனின் பிழையும் அன்றைய போக்குவரத்தும் சேர்ந்தே அவ்வளவு வரும். 5 குறைந்திருந்தால் வேலை பலித்திருக்கிறது. மிச்சமிருப்பதில் எது பெரிய சத்தம் என்று பார்த்து அடுத்ததைத் தொடங்குங்கள். எதுவும் குறையவில்லை என்றால் இன்னொரு பொருள் வாங்குவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு இடுக்குகளை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.